‘கடன் வராது’ என்று சொல்லும்போது இன்னும் ரெண்டு வார்த்தை: வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளை மேலாளர்களுக்கும் கடன் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம். மதுரைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரின் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் 11 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட் அவுட், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் போட்டுக் கொடுப்பேன். கடைக்கு இந்தப் பக்கம் ஒரு வங்கி, எதிர்ச்சாரியில் இன்னொன்று. கடன் கேட்டு உங்களிடம் வருகிறவர்கள் ஆதார் நகல் எடுக்க முதலில் என் கடைக்கு வருவார்கள். திரும்பும்போது கடன் கிடைத்தவர் நேராகப் போய் பஸ் ஏறிவிடுவார். கிடைக்காதவர் என் கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருவார். தண்ணீர் கேட்பார். கையில் நான் எடுத்துக் கொடுத்த அதே நகல்கள் அப்படியே இருக்கும்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஆவணி மாதம். சாயந்திரம் பணியாரக் கடை போடும் ஒரு அக்கா. தள்ளுவண்டியும் கேஸ் அடுப்பும் வாங்க, சிறு தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ராவில் 50,000 ரூபாய் கடன் கேட்டு மூன்று தடவை வங்கிக்கு நடந்தார். மூன்றாவது தடவை வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார்: “பாப்பா, சிபில் இல்லைங்கிறாங்க. அது எந்த ஆபீஸ்ல குடுப்பாங்க?”

கவுண்டரில் அவருக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். “சிபில் இல்லம்மா, கடன் வராது.” தாளில் எதுவும் எழுதித் தரவில்லை. சிபில் என்பது ஆபீஸில் தருகிற தாள் இல்லை, வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று பார்த்துப் போடுகிற மதிப்பெண் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்குக் கடையில் ஒரே கூட்டம். இன்னும் பத்து நிமிடம் உட்காரவைத்துப் பேசியிருக்கலாம் என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

நாலு நாள் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். வாட்ஸப்பில் வந்ததைக் கலரில் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார். இடது மேல்மூலையில் அசோகத் தூண், வலது பக்கம் பிரதமர் படம், நடுவில் முத்ரா முத்திரை. கீழே அக்காவின் பெயர், ஆதார் எண் முழுசாக, கடன் தொகை 2,00,000 ரூபாய், வட்டி 1 சதவீதம், 60 மாதம், மாதத் தவணை 3,419 ரூபாய். நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், கணக்கு சரியாகவே வந்தது. அடியில் ரிசர்வ் வங்கி என்று நீல வட்ட முத்திரை, அதன்மேல் ஒரு கையெழுத்து. “கிழிஞ்சிரும், லேமினேஷன் போட்டுக் குடு பாப்பா” என்றார். போட்டுக் கொடுத்தேன். மேலாளர்களே, அந்தப் பொய்க் கடிதத்துக்கு லேமினேஷன் போட்டது என் கைதான்.

அப்புறம்தான் போன் வர ஆரம்பித்தது. முதலில் ப்ராசஸிங் ஃபீஸ் 1,850 ரூபாய். மறுநாள் இன்சூரன்ஸ் 3,500. அதற்கு மறுநாள் “பணம் ரெடி, ஜிஎஸ்டி கட்டாததால ஹோல்டுல நிக்குது” என்று 5,400. கடைசியில் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, என்று சொல்லி 3,600. நாலு நாளில் 14,350 ரூபாய். கடைசித் தொகைக்குக் காதில் கிடந்த தோட்டை அடகு வைத்தார். ஒவ்வொரு தடவையும் சொன்னது ஒன்றேதான்: “இது ரீஃபண்டபிள் அக்கா, லோன் தொகையோட சேர்ந்து வந்துரும்.” ஏற்கெனவே கொடுத்ததைக் காப்பாற்ற அடுத்ததைக் கொடுக்க வேண்டும் என்ற இடத்துக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், படித்தவர் படிக்காதவர் எல்லோருக்கும் கை நீளத்தான் செய்யும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இதே மாதிரி ஒரு கடிதத்தோடு என் கடைக்கு வந்திருக்கிறார்.

அக்காவிடம் பிறகு கேட்டேன், ஏன் நம்பினீர்கள் என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அந்தப் பிள்ள ‘சாப்ட்டீங்களாக்கா’ன்னு கேட்டுட்டுத்தான் பேசுச்சு. என்ன தொழில், ஒரு நாளைக்கு எவ்வளவு வியாபாரம்னு எல்லாம் கேட்டுச்சு. பேங்க்ல யாரும் அதைக் கேக்கல பாப்பா.”

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு அலுவலர் மூன்று பேர் வேலையைப் பார்ப்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரிகிறது. கொடுத்த கடன் வராக்கடன் ஆனால் கேள்வி உங்களிடம்தான் வரும், அதுவும் தெரியும். இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்த ‘இல்லை’யை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கும் ஒரு விதி இருக்கிறதே. 2003-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த நியாயமான நடைமுறை விதிகளில், கடன் விண்ணப்பம் வாங்கினால் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தர வேண்டும் என்று இருக்கிறது. விண்ணப்பத்தை நிராகரித்தால் முக்கியமான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. முதலில் சிறு கடன்களுக்கு மட்டும் இருந்த இந்த எழுத்துக் கடமையை 2007-ல் எல்லாக் கடனுக்கும் விரித்தார்கள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு தாளை நகல் எடுக்க ஒருவர்கூட என் கடைக்குக் கொண்டுவந்ததில்லை. விண்ணப்பத்தையே வாங்காமல் வாய்வார்த்தையில் திருப்பி அனுப்பினால் அந்தத் தாள் எப்படி வரும்?

அந்தத் தாள் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்கிறேன். எல்லாம் முடிந்தபிறகு அக்காவின் கிரெடிட் ரிப்போர்ட்டை நானே எடுத்துப் பார்த்தேன். சிபில் உட்பட நாட்டில் இருக்கிற நாலு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும், நிறையப் பேருக்கு இது தெரியாது. அக்காவின் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு கறை. அண்ணன் மகன் தவணையில் போன் வாங்கியபோது அக்கா தன் ஆதாரையும் பான் கார்டையும் கொடுத்திருக்கிறார். கடைசி மூன்று தவணை அவன் கட்டவில்லை. தீர்க்க முடிகிற விஷயம் அது. பாக்கியைக் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்று வாங்கி, ரிப்போர்ட் மாறியபிறகு மறுபடி விண்ணப்பித்திருக்கலாம். அந்தப் பாக்கி அவர் ஏமாந்த 14,350-ல் பாதிகூட இல்லை. “சிபில் இல்லம்மா” என்பதற்குப் பதில் “உங்க பேர்ல ஒரு போன் கடன் பாக்கி நிக்குது” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால், இன்றைக்கு அந்த வண்டி தெருவில் நின்றிருக்கும்.

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சொந்தக்காரருக்காகப் பெயர் கொடுப்பது ஒரு பக்கம். ஊருக்குள் சிலர் “உன் பேர்ல குழுக் கடன் வாங்கிக் குடு, தவணை நான் கட்டிக்கிறேன், உனக்கு 2,000 கமிஷன்” என்று பெண்களிடம் கேட்டு வருகிறார்கள். ரெண்டு மாதம் கட்டுவார்கள், அப்புறம் ஆளைக் காணோம். கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கட்ட வேண்டும். வாசலில் வசூலுக்கு ஆள் வந்து நிற்கும்போதுதான் அது புரிகிறது. இதைக் குழுக் கூட்டத்தில் நீங்கள் நேரில் வந்து ஒரு தடவை சொன்னால் நாங்கள் பத்து தடவை சொல்வதற்குச் சமம்.

அந்தக் கடிதத்தில் பொய் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். முத்ரா நிறுவனம் யாருக்கும் நேரடியாகக் கடன் கொடுப்பதே இல்லை. வங்கிகளுக்கும் மற்ற நிதி நிறுவனங்களுக்கும் மறுநிதி, அதாவது கடன் கொடுப்பதற்கான பணம், கொடுப்பதுதான் அதன் வேலை, மக்களுக்குக் கடன் கொடுப்பது உங்களைப் போன்ற கிளைகள். ரிசர்வ் வங்கி தனி ஆளின் கடனுக்கு முத்திரை குத்தாது. முத்ரா பெயரில் வரும் இந்த மாதிரிக் கடிதங்கள் போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது. இப்போது எனக்கும் தெரியும். ஆனால் 2015-ல் திட்டம் வந்ததிலிருந்து சுவரெங்கும் பார்த்த அதே முத்திரை அந்தக் கடிதத்திலும் இருந்தது. பணியாரக் கடை அக்கா எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்? பிரித்துச் சொல்ல ஊரில் தகுதியான இடம் ஒன்றுதான், உங்கள் கவுண்டர். அந்தக் கடிதத்தை முதலில் உங்களிடம் காட்ட அவருக்குத் தோன்றவே இல்லை. மூன்று தடவை திரும்பிய இடத்துக்கு நாலாவது தடவை போகக் கூச்சம்.

கட்டண விஷயத்தையும் கவுண்டரில் தெளிவாகச் சொல்லுங்கள். வங்கியும் கட்டணம் வாங்கத்தான் செய்கிறது. அதனால்தான் ‘ப்ராசஸிங் ஃபீஸ்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் ஜனங்களுக்குச் சந்தேகம் வருவதில்லை. வங்கி வாங்கினால் வங்கியின் கணக்கில் வாங்கும், ரசீது தரும், பெரும்பாலும் கடன் தொகையிலேயே பிடித்துக்கொள்ளும். யாரோ ஒருவரின் போன் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொல்லாது. 2025 ஏப்ரலிலிருந்து, விவசாயம், சிறு தொழில் போன்றவற்றுக்கான முன்னுரிமைத் துறைக் கடன்களில் 50,000 ரூபாய் வரை சேவைக் கட்டணமே வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. அக்கா கேட்டதே 50,000தான். இந்த ஒரு தகவல் அவர் காதில் விழுந்திருந்தால், கடிதத்தில் இருந்தது 2,00,000 என்றாலும், 1,850 என்று சொன்னபோது ஒரு சந்தேகமாவது வந்திருக்கும்.

அடுத்தது, ஆப் கடன். மினி லாரி ஓட்டும் ஒரு அண்ணன், பையனின் பள்ளிக் கட்டணத்துக்கு அலைந்துவிட்டு, வாட்ஸப்பில் வந்த ஒரு லிங்க்கைத் தொட்டு ஏதோ ஒரு ஆப்பை இறக்கினார். 5,000 ரூபாய் கடன் என்றது. கைக்கு வந்தது 3,100. ஏழாம் நாள் 5,000-ஐயும் கட்ட வேண்டும். ஆறாம் நாளே மிரட்டல் தொடங்கிவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய போனில் என் கடை நம்பர் இருந்தது. ஒரு மதியம் வாட்ஸப் திறந்தால் அவருடைய படம், மேலே சிவப்பு எழுத்தில் ‘திருடன்’ என்று, கீழே அவருடைய ஆதார் அட்டை. அவர் மகளின் டீச்சருக்கும் அதே படம் போயிருந்தது. அன்றைக்கு அவர் கடைக்கு வந்தபோது என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் எதையும் பார்க்காத மாதிரி இருந்தேன். அது தப்பு. “அண்ணே, எனக்கும் வந்துச்சு, இது உங்க தப்பு இல்ல” என்று நானே முதலில் பேச்செடுத்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அந்த இரண்டு நாளில் ஒரு மனுசனுக்கு என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம்.

ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021-ல் ஆய்வு செய்தபோது, இந்தியாவில் ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. அதன்பிறகு 2022 செப்டம்பரில் விதிகள் வந்தன. கடன் பணம் கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வர வேண்டும். வட்டியும் கட்டணமும் சேர்த்து மொத்தச் செலவு எத்தனை சதவீதம் என்பதை முன்கூட்டியே ஒரு விவரத் தாளில் காட்ட வேண்டும். போனில் இருக்கும் நம்பர்களையும் படங்களையும் தொடக் கூடாது. மனம் மாறினால் அபராதம் இல்லாமல் கடனைத் திருப்பிக் கொடுத்து விலக அவகாசம் தர வேண்டும். வங்கிகளோடும் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களோடும் சேர்ந்து இயங்கும் ஆப்களின் பட்டியலை 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கியே தன் தளத்தில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அந்த ஆப்பைத் தொடவே வேண்டாம். வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு அரசும் 2025-ல் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. எல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் லாரி ஓட்டுகிற அண்ணனுக்கு இதில் ஒன்றுகூட வந்து சேரவில்லை. அவருக்கு வந்து சேர்ந்தது அந்த லிங்க் மட்டும்.

எச்சரிக்கை எஸ்எம்எஸ் அனுப்புகிறோமே என்பீர்கள். எனக்கும் வருகிறது. பாதி ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் வந்தாலும், பணத் தேவை இல்லாத நேரத்தில் வருவதால் படிக்காமலே கடந்து போகிறோம். ஏமாற்றுகிறவர்கள் சரியாகப் பணமுடை வந்த நேரத்தில் வந்து நிற்கிறார்கள். ‘கடன் வராது’ என்று நீங்கள் சொல்கிற அந்த நிமிடம் இருக்கிறதே, அப்போதுதான் அந்த ஆளுக்குக் காது முழுசாகத் திறந்திருக்கும். எச்சரிக்கையை அந்த நிமிடத்தில் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. விண்ணப்பத்தை வாங்குங்கள். முடியாது என்றால் காரணத்தைத் தமிழில் ஒரு அரைத்தாளில் எழுதிக் கொடுங்கள். அதே தாளின் பின்பக்கம் இப்படி அச்சடித்திருக்கட்டும்:

“கடன் தருவதற்கு முன்னால் யார் பணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். போனில் கடன் தருவதாகச் சொல்பவரின் நிறுவனப் பெயரை இந்தக் கிளையில் வந்து கேளுங்கள், பார்த்துச் சொல்கிறோம். கடன் கடிதம் எது வந்தாலும் எடுத்து வாருங்கள். ஓடிபி, யுபிஐ பின் யாரிடமும் சொல்ல வேண்டாம். பணம் வாங்க பின் போடத் தேவையில்லை. லிங்க்கில் வரும் ஆப்பை இறக்க வேண்டாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அடுத்து எங்களிடம் வாருங்கள்.”

கடைசி வரியைக் கண்டிப்பாகப் போடுங்கள். அக்கா என்னிடம் உண்மையைச் சொன்னது ஆறாம் நாள். அதுவரை வீட்டில்கூடச் சொல்லவில்லை. 1930-ல் புகார் பதிந்தோம், பணம் எப்போதோ பல கணக்கு மாறிப் போயிருந்தது. அதே தெருவில் இன்னொரு பையன், 6,000 ரூபாய் அனுப்பி அரை மணி நேரத்தில் சந்தேகம் வந்து கடைக்கு ஓடி வந்தான். உடனே போன் செய்தோம், போன கணக்கிலேயே பணத்தை முடக்கிவிட்டார்கள். பணம் கைக்கு வரச் சில மாதம் ஆனது, ஆனால் வந்தது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் வெட்கம் மட்டும்தான்.

ரிசர்வ் வங்கியிடம் பதிவு இல்லாத நிறுவனம் என்றால் அதற்கென்றே இருக்கும் ‘சசேத்’ இணையதளத்தில் புகார் போடலாம் என்பதும், உங்களைப் பற்றியே குறை இருந்தால் 14448-ல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அமைப்பைக் கேட்கலாம் என்பதும் அந்தத் தாளில் இடம் இருந்தால் சேருங்கள். இரண்டாவதைப் போட உங்களுக்குத் தயக்கம் இருக்கும். போட்டால் உங்கள்மேல் நம்பிக்கை கூடத்தான் செய்யும்.

முடிந்தால் வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு நாற்காலி போட்டு ஒருவரை உட்காரவையுங்கள். கடன் கிடைக்காதவர் எதனால் கிடைக்கவில்லை, எப்போது மறுபடி வரலாம், வேறு எங்கே கேட்கலாம் என்று அவர் சொல்லட்டும். தெருவோரம் கடை போடுபவருக்கு ஸ்வநிதி என்ற மத்திய அரசுக் கடன் திட்டம் இருக்கிறது, முதல் கடனாக 15,000 ரூபாய் வரை கிடைக்கும். கையில் கொஞ்சம் நகை இருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக் கடன் இருக்கிறது. அக்கா அந்தத் தோட்டை அங்கே வைத்து அடுப்பாவது வாங்கியிருக்கலாம். இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லாததால்தான் போனில் வரும் குரல் கடவுள் மாதிரித் தெரிகிறது.

என் கடையில் நான் மாற்றிக்கொண்டதையும் சொல்கிறேன். கடனுக்கென்று ஆதார் நகல் எடுக்க வந்தால், ‘இன்ன வங்கிக் கடனுக்கு மட்டும்’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கிறேன். முழு எண் தேவையில்லாத இடத்துக்குக் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் ஆதாரை இறக்கித் தருகிறேன். யார் கடன் கடிதம் பிரிண்ட் போட வந்தாலும் முதல் கேள்வி, “பணம் எதுவும் கட்டச் சொன்னாங்களா?” என்பதுதான். இரண்டு மூன்று பேர் கோபப்பட்டு வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும். ஒருவர் மறுநாள் திரும்பி வந்து ஒரு கிலோ கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போனார்.

அக்காவின் லேமினேஷன் போட்ட கடிதம் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. தூக்கிப் போடச் சொன்னார், நான் போடவில்லை. பார்க்க விரும்பும் மேலாளர் யாராக இருந்தாலும் கடைக்கு வாருங்கள், காட்டுகிறேன். மேலே சொன்ன அரைத்தாளைத் தமிழில் டைப் செய்து வைத்திருக்கிறேன். உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து அனுமதி வரும்வரைக்கும் ஒவ்வொரு கிளைக்கும் 500 தாள் நானே அடித்துத் தருகிறேன். காசு வேண்டாம். பின்பக்கம் மட்டும்தான் என்னால் அடிக்க முடியும். முன்பக்கம், காரணம் எழுத வேண்டிய இடம், உங்களுக்காகக் காலியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வங்கிக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை நடத்துபவள்